பதிப்பெண்ணும் சான்றும்: கணினி முறைமைகளை இனங்காணலும் வன்னியின் தமிழ் ஆவணங்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் தொன்மையை ஆராயப் புகுந்தோர்க்குப் பெயர்கள் எப்போதும் உறுதியான துணையாக அமைந்ததில்லை. குளமொன்று ஒரு காலத்தில் ஒரு பெயராலும் பிறிதொரு காலத்தில் வேறொரு பெயராலும் வழங்கியிருக்கும். உடைந்து காடுபற்றிக் கிடந்து மீளக் கட்டப்பட்டபோது பழைய பெயர் மறைந்திருக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில், வவுனிக்குளம் முதலான குளங்களின் காலத்தைத் துணிவதற்குச் செங்கற்களின் நீள அகல கனங்களை அளந்து ஒப்பிடும் முறையைக் கையாண்டார். அவர் கண்ட முடிபுகள் யாவும் இன்று ஏற்கத்தக்கன என நாம் வாதிடவில்லை. ஆயினும் பெயரைக் கேட்டு நம்புதல் ஒன்று, பொருளின் உடலை அளந்து அறிதல் மற்றொன்று என்ற வேறுபாட்டை அவருடைய முறை நன்கு உணர்த்துகின்றது.

இதே வேறுபாடு, குளங்களுக்கு மிகத் தொலைவிலுள்ளதாகத் தோன்றும் ஒரு துறையிலும் எழுந்துள்ளது. கணினியை இயக்கும் பணிசெயல் முறைமை இன்னது, அதன் பதிப்பு இன்னது எனச் செய்நிரலொன்று அறிந்துகொள்வது எவ்வாறு என்பதே அவ்வினா. பொறியியலாளர்க்கு மட்டும் உரிய நுணுக்கமாகக் கருதி இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தமிழில் எழுதப்பட்ட ஆவணங்கள் எந்தக் கணினியில் வாசிக்கத்தக்கனவாக இருந்தன, எதில் வெறும் குறிக்குவியலாயின என்ற சமூக வினாவுக்கு விடை தேடுவோர் இந்நுணுக்கத்தைக் கடந்தே செல்லவேண்டியுள்ளது. பாமினி எழுத்துருவை விட்டு ஒருங்குறிக்கு மாறத் தயங்கிய எமது காரியாலயங்களையும் அச்சகங்களையும் பிற்போக்கானவை என்று குறைகூறுவது கற்றோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அக்குறைகூறல் வரலாற்றுக்கு முரணானது என்பதே எமது கருத்து. அதனை நிறுவுவதற்கு முதலில் பதிப்பெண்களின் வரலாற்றைச் சிறிது விரிவாகவே நோக்குதல் வேண்டும்.

மனிதர் எழுதும் மூலச் செய்நிரல் ஒரு தொகுப்பானின் வழியாகச் சென்று, சுழியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட துவிதக் கோப்பாக மாறுகின்றது. பயனாளர் கையில் கிடைப்பது பெரும்பாலும் இத்துவிதக் கோப்பே. அது இரண்டு வகையான பிணைப்புகளுக்கு உட்பட்டது. ஒன்று, கணினியின் மத்திய செயற்பாட்டு அலகு விளங்கிக்கொள்ளும் அறிவுறுத்தல்களின் தொகுதி. மற்றது, பணிசெயல் முறைமை வழங்கும் சேவைகள்: கோப்பைத் திறத்தல், திரையில் எழுத்தை வரைதல் முதலியன. எந்தச் சேவை எந்த எண்ணால் அல்லது பெயரால் அழைக்கப்படும், அதற்குக் கொடுக்கப்படும் தரவு எத்தனை பைற்று நீளமுடையது என்பன யாவும் துவிதக் கோப்பினுள் முன்கூட்டியே உறைந்துபோயிருக்கும். முறைமை மாறினால் கோப்பு மாறாது, செயலற்றுப்போகும். இதனாலேயே, தான் எத்தகைய முறைமையின்மீது ஓடுகின்றது எனக் கேட்டறிய வேண்டிய நிலை செய்நிரலுக்கு ஏற்பட்டது.

தொடக்க காலத்தில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. பொறிக்குப் பொறி அறிவுறுத்தல்கள் வேறுபட்டன. புதிய பொறி வாங்கிய நிறுவனம் செய்நிரல்களைப் புதிதாக எழுதுவித்தது. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம் 360 வரிசையே இந்நிலையைப் பெருமளவில் மாற்றியது. சிறியதும் பெரியதுமான பல பொறிகள் ஒரே அறிவுறுத்தல் தொகுதியை ஏற்றன. சிறு பொறிக்கு எழுதியதைப் பெரும் பொறியிலும் ஓட்டலாம் என்ற உறுதி வணிகவுலகில் பெற்ற வரவேற்பை இங்கு விரிக்கவேண்டியதில்லை. அவ்வுறுதி வாடிக்கையாளருக்கு வசதியாயிருந்த அதேவேளை, அவரை அந்நிறுவனத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கும் கயிறாகவும் அமைந்தது என்பது மட்டும் மனங்கொள்ளத்தக்கது.

1969 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸ் வேறு வழி சென்றது. 1973 அளவில் அது சீ மொழியில் மீள எழுதப்பட்டபின், மூலச் செய்நிரலை வெவ்வேறு பொறிகளுக்கு எடுத்துச் சென்று அங்கங்கே தொகுத்துக்கொள்ளுதல் வழக்கமாயிற்று. இங்கே இணக்கம் மூலத்தின் மட்டத்திலேயே பேணப்பட்டது. துவிதத்தின் மட்டத்தில் அன்று. முறைமையின் பெயர், வெளியீடு, பதிப்பு, பொறியின் வகை ஆகியவற்றைக் கூறும் 'யூநேம்' என்னும் கட்டளை 1970களின் பிற்பகுதியில் யுனிக்ஸ் மரபினுள் இடம்பெற்றது. பெயரைக் கேட்டு நடக்கும் பழக்கம் இதன்மூலம் நிலைபெற்றது எனலாம்.

தனியாள் கணினிகளின் காலத்திலேதான் இப்பழக்கத்தின் விளைவுகள் வெளிப்பட்டன. எம்எஸ் டோஸ் முறைமையின் இரண்டாம் பதிப்பு 1983 இல் வந்தபோது, பதிப்பெண்ணைக் கேட்டறிவதற்கென ஒரு சேவை அதில் அமைக்கப்பட்டது. முதற் பதிப்பு அக்கேள்வியையே அறியாதாகையால் சுழியத்தை விடையாகத் தந்தது. செய்நிரல் எழுதியோர் பலர் 'குறைந்தது இப்பதிப்பு' எனக் கேளாது 'சரியாக இப்பதிப்பு' எனக் கேட்டனர். விளைவாக, முறைமை வளர்ந்து முன்னிலும் வல்லமை பெற்றபோது, பழைய செய்நிரல்கள் அதனை அந்நியமானதெனக் கருதி இயங்க மறுத்தன. 1991 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் 'செட்வேர்' என்றொரு கருவி சேர்க்கப்பட்டது. எந்தச் செய்நிரல் கேட்டால் எந்தப் பொய்யான எண்ணைச் சொல்லவேண்டும் என்ற பட்டியலைப் பேணுவதே அதன் தொழில். முறைமையொன்று தன் பெயரைத் திரித்துக் கூறுவதற்கு அதனை ஆக்கியோரே சட்டபூர்வமான ஏற்பாடு செய்த விந்தை இது.

விண்டோஸ் முறைமையின் வரலாறு இதனினும் சுவையானது. 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 இன் உண்மையான எண் 4.0 ஆகும். ஆனால் பழைய பதினாறு துணுக்குச் செய்நிரல்கள் வினவியபோது அது தன்னை 3.95 என்றே கூறிக்கொண்டது. அச்செய்நிரல்கள் பல பதிப்பெண்ணைப் பிழையாக ஒப்பிட்டமையே காரணம். எடுத்துக்காட்டாக, முதலெண்ணையும் இரண்டாம் எண்ணையும் தனித்தனியே ஒப்பிடும் செய்நிரலுக்கு 4.0 ஆனது 3.10 இலும் பழையதாகவே தோன்றும். பத்திலும் சுழியம் சிறிதன்றோ! அதன் பின்னரும் கதை முடியவில்லை. சந்தையில் 'ஏழு' என விற்கப்பட்ட முறைமை தன்னுள் 6.1 ஆகவே இருந்தது. 8.1 என்பதன் உள்ளெண் 6.3, எனினும் தன்னை அறிந்திருப்பதாக முன்னரே அறிவிக்காத செய்நிரல்களுக்கு அது 6.2 என்றே விடை தந்தது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 உள்ளும் புறமும் பத்தானது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 மீண்டும் உள்ளே 10.0 ஆகவே நிற்க, 22000 இலிருந்து தொடங்கும் கட்டமைப்பு எண்ணைக் கொண்டே அதனை வேறுபடுத்தி அறியவேண்டியதாயிற்று. விளம்பரப் பெயர் ஒன்றும் உள்ளெண் ஒன்றுமாக இருக்கும் இந்நிலை, பட்டப்பெயரால் மட்டும் அறியப்பட்ட சிற்றரசர்களை வரிசைப்படுத்த முயலும் வரலாற்றாசிரியனின் தொல்லையை எமக்கு நினைவூட்டுகின்றது.

ஏனைய முறைமைகளும் இதற்கு விலக்கல்ல. லினக்ஸின் கருவம் 2003 இலிருந்து 2.6 என்ற தலைப்பெண்ணுடனேயே நீண்டகாலம் வந்து, 2011 யூலையில் 3.0 ஆகியது. 2.6 ஐ எதிர்பார்த்து எழுதப்பட்ட செய்நிரல்கள் தடுமாறின. அவற்றுக்கு மட்டும் பழைய எண்ணையே காட்டும் வழியொன்று உடனே ஆக்கப்பட்டது. அப்பிள் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட மக்ஓஎஸ் 11, பழைய செய்நிரல்களுக்குத் தன்னை 10.16 எனக் கூறிற்று.

இப்பொய்கள் யாவும் ஏதோ நெறிபிறழ்வால் விளைந்தவை அல்ல. கேள்வி பிழையாகக் கேட்கப்பட்டதனால் விடையும் பொய்யாக அமையவேண்டி வந்தது. செய்நிரலுக்கு உண்மையில் தேவைப்பட்டது முறைமையின் பெயரன்று. குறித்த சேவை அங்கு உண்டா என்பதே. இதனை உணர்ந்தோர் தொடக்கத்திலேயே இருந்தனர். 1991 இல் உருவாகிய ஓட்டோகொன்ஃப் என்னும் கருவி, பொறியின் பெயரை நம்பாது, சிறு சோதனைச் செய்நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, வேண்டிய சேவை கிடைக்கின்றதா என அறிந்துகொண்டது. லினக்ஸ் உலகின் அடிப்படைச் செய்நிரல் நூலகமான ஜிலிப்சீ, 1990களின் பிற்பகுதியிலிருந்து, நூலகம் முழுமைக்கும் ஒரே எண் என்றில்லாது ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிப் பதிப்புக் குறி இடும் முறையைக் கைக்கொண்டது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வழிகாட்டுக் குறிப்புகளே, பதிப்பெண்ணைக் கேட்பதிலும் வசதி இருக்கின்றதா எனச் சோதித்தல் நன்று எனச் செய்நிரலாளர்க்கு அறிவுறுத்துகின்றன. ஆயினும் பெயர் கேட்கும் பழக்கம் மறையவில்லை. பெயரைக் கேட்பது எழுதுவோர்க்கு எளிது. சோதிப்பது உழைப்பை வேண்டுவது. அவ்வுழைப்பு மிச்சப்படுத்தப்படும்போது ஏற்படும் நட்டத்தைச் சுமப்பவர் எழுதியவரல்லர், பழைய பொறியை வைத்திருக்கும் பயனாளரே. புதிய பொறியை ஆண்டுக்கொரு தடவை வாங்கக்கூடிய சமூகத்தில் இந்நட்டம் புலப்படுவதில்லை.

இனி வன்னியை நோக்குவோம். 1990 முதல் இந்நிலப்பரப்பின் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தது. எரிபொருளும் மின்கலமும்கூடத் தட்டுப்பாடான பொருள்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் பொது மின்வழங்கலின்றி இருந்த அவ்வாண்டுகளில், அரச கட்டுப்பாட்டிலிருந்த வவுனியா நகரின் நிலை வேறாக இருந்தது. அங்கு 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் நிறுவப்பட்டது. அதுவே 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே வன்னி முழுவதற்கும் பொதுவான ஒரு 'கணினிக் காலம்' இருந்ததாகக் கொள்ளலாகாது. 2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 வீதி திறக்கப்பட்டபோதே பெருநிலப்பரப்பின் உட்பகுதிக்குக் கணினிகள் ஓரளவு தாராளமாக வரத்தொடங்கின. அவற்றுள் வெளிநாட்டு உறவினரும் நலன்விரும்பிகளும் அனுப்பிய, முன்னர் பயன்படுத்தப்பட்ட பொறிகளும் இருந்தன. ஒரே அறையில் விண்டோஸ் 98 உம் 2000 உம் எக்ஸ்பீயும் அடுத்தடுத்து இருப்பது அக்காலத்தில் புதுமையான காட்சியன்று.

இங்கே காலப்பொருத்தம் ஒன்று கவனத்திற்குரியது. தமிழ் எழுத்துகள் யுனிகோட் எனப்படும் ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், இடம்பெற்றன. ஆயினும் விண்டோஸ் உலகில் தமிழை ஒருங்குறியில் காட்டவல்ல முதல் முறைமை 2000 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 ஆகும். எக்ஸ்பீ 2001 ஒக்டோபரில் வந்தது. அதாவது ஏ9 வீதி திறந்த வேளையும், தமிழ்க் கணிமை பழைய எட்டுத் துணுக்கு எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாறத் தலைப்பட்ட வேளையும் ஏறத்தாழ ஒன்றே. நிலைபெற்ற முறையொன்றைக் கற்று, பின்னர் ஆறுதலாக மாறும் வாய்ப்பு வன்னிக்குக் கிட்டவில்லை. மாற்றத்தின் நடுவிலேயே அது கணினியைக் கண்டது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

ஒருங்குறித் தமிழ் முறைமையிடம் எதனை வேண்டிநின்றது? எழுத்துகளின் குறியெண்கள் ஒலிப்பு வரிசையில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் கண்ணுக்குரிய வரிசையில் மாற்றி அடுக்கும் பணி முறைமைக்குரியது. விண்டோஸில் இப்பணியைச் செய்தது யுனிஸ்கிறைப் என்னும் செய்நிரல் நூலகம். 'முல்லைத்தீவு' என்ற பெயரில் ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னே சேமிக்கப்பட்டு முன்னே காட்டப்படவேண்டும். 'கிளிநொச்சி'யிலோ நகரத்தின் இருபுறமும் ஒகரக் குறியின் இரு பாதிகள் பிரிந்து நிற்கவேண்டும். 'வவுனியா' இவற்றிலும் எளிது. 'வு' என்ற ஒரேயொரு கூட்டு வடிவமே அதற்கு வேண்டுவது. இவ்வகையில் மூன்று மாவட்டங்களின் பெயர்களே முறைமையின் ஆற்றலை அளக்கும் மூன்று படிகளாக அமைந்துள்ளன.

பதிப்பெண் இவ்வாற்றலுக்குச் சான்றாகுமா? ஆகாது. எக்ஸ்பீ முறைமையின் எண் 5.1, விண்டோஸ் 2000 இலும் உயர்ந்தது. ஆனால் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகள் அதில் இயல்பாக நிறுவப்பட்டிருக்கவில்லை. பிரதேச, மொழித் தெரிவுகளுள் நுழைந்து உரிய கட்டத்தில் அடையாளமிட வேண்டும். அப்போது முறைமை நிறுவல் வட்டைக் கேட்கும். நிறுவல் வட்டு இல்லாது வந்துசேர்ந்த பொறியில் அத்துடன் முயற்சி நின்றுவிடும். எண் தகுதியுடையது; ஆற்றலோ இல்லை. மறுபுறத்தில், யுனிஸ்கிறைப் நூலகம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடனும் வெளிவந்தமையால், விண்டோஸ் 98 ஓடிய பழைய பொறியில்கூட அது இருக்கக்கூடியதாயிற்று. எண் தகுதியற்றது, ஆற்றலில் ஒரு பகுதியேனும் உண்டு. மேலே கூறிய உலகப்பொதுவான சிக்கல் தமிழெழுத்தில் கொண்ட வடிவம் இதுவே. 2007 இல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்ராவிலேயே தமிழுக்கான ஆதரவு இயல்பாக அமைந்தது. அப்போது வன்னியின் வீதி மூடிக்கிடந்தது. 2009 சனவரியில் கிளிநொச்சியும் அதே ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவின் கடற்கரையும் கண்டவற்றை இக்கட்டுரையின் எல்லைக்குள் கூறுவது இயலாது; எழுத்தும் பொறியும் மனிதருடனேயே அழிந்தன என்பதை மட்டும் குறிப்பிடுகின்றோம்.

இப்பின்னணியிலேயே பாமினியை மதிப்பிட வேண்டும். பாமினி எழுத்துருவில் தமிழெழுத்தின் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்தப்பட்டுள்ளன. 'தமிழ்' என்று தட்டச்சிடும்போது கணினி சேமித்துக்கொள்வது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. கொம்பை முன்னே இடுவதும் அரவைப் பின்னே இடுவதும் தட்டச்சாளரின் விரல்களின் வேலை. முறைமை தமிழைப் பற்றி எதுவும் அறியவேண்டியதில்லை. எனவே அது முறைமையிடம் எதையும் கேட்பதுமில்லை. எழுத்துருக் கோப்பு ஒன்று இருந்தாற் போதும், விண்டோஸ் 3.1 முதல் இன்றைய பதிப்பு வரை ஆவணம் ஒரே தோற்றத்துடன் அச்சாகும். நாம் மேலே கண்ட நிறுவனங்கள் பொய்யெண்களாலும் பட்டியல்களாலும் அடைய முயன்ற இணக்கத்தைப் பாமினி எவ்விதச் செலவுமின்றி அடைந்தது. மின்வழங்கல் நிலையற்றதும், பொறிகள் பல தலைமுறையினவும், நிறுவல் வட்டுகள் அரியனவும் ஆன ஒரு பிரதேசத்தின் எழுதுவினைஞர் இதனைத் தெரிந்தமை அறியாமையன்று. கையிலிருந்த சான்றுகளைக் கொண்டு நோக்கின் அதுவே பகுத்தறிவுக்குப் பொருந்திய தெரிவு. நாளை காலை அச்சிட்டுக் கொடுக்கவேண்டிய நிவாரணப் பட்டியலுக்கு ஒருங்குறியின் எதிர்காலம் உதவாது.

இதனால் பாமினி குறையற்றது என நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. அதற்குச் செலுத்திய விலை பெரிது. கணினியின் பார்வையில் அவ்வாவணத்தில் தமிழே இல்லை. பெயரைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, எழுத்துருவின் பெயர் தவறிப்போயின் எஞ்சுவது ஆங்கில எழுத்துகளின் அர்த்தமற்ற கோவையே. மீள்குடியேற்றக் காலத்தில் தட்டச்சிடப்பட்ட காணி, குடும்ப விபரங்களுள் பாமினியில் அமைந்தவை இன்று இந்நிலையை எதிர்நோக்குகின்றன. காணி உரிமை இன்னமும் தீராத வழக்காக உள்ள மாவட்டங்களில் இது வெறும் எழுத்துருப் பிரச்சினையன்று.

ஒருங்குறிக்கு மாறியதனால் மட்டும் பதிப்புச் சிக்கல் ஒழிந்துவிட்டதாகவும் எண்ணலாகாது. 'ஸ்ரீ' என்னும் எழுத்து இதற்குத் தக்க சான்று. 1957 இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' புகுத்தப்பட்டமையும் அதற்கெதிரான போராட்டமும் இலங்கைத் தமிழர் அரசியலில் அறியப்பட்டவை; கணினியிலும் இவ்வெழுத்துக்கு அமைதியில்லை. 2005 வரை அது ஸகர மெய்யும் ரீயும் சேர்ந்த தொடராகவே குறிக்கப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த ஒருங்குறி 4.1 இல் ஶகரம் புதிய எழுத்தாகச் சேர்க்கப்பட்டதும், ஶகர மெய்யும் ரீயும் சேர்ந்ததே உகந்த தொடர் எனக் கொள்ளப்பட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் கணினிக்கு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமற் போகலாம். முந்திய எழுத்துருக்களில் ஶகரமே இராதாகையால், பழைய பொறியில் பெயரின் தலையில் வெற்றுக்கட்டம் நிற்கும். தந்தையின் பெயரில் ஒரு தொடரும் மகனின் பெயரில் மற்றொரு தொடரும் அமைந்த பதிவுகள் எவ்வாறு ஒப்பிடப்படும் என்பதைத் தரவுத்தளங்களை அமைப்போர் எண்ணிப்பார்த்தல் நன்று.

எக்ஸ்பீக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் கற்பித்தலைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இன் பொது ஆதரவும் முடிவுற்றது. அதன் வாரிசு, பொறியினுள் குறித்த பாதுகாப்புச் சில்லு உண்டா, மத்திய செயற்பாட்டு அலகு ஏற்கப்பட்டோர் பட்டியலில் உள்ளதா எனக் கேட்கின்றது. முன்னர் செய்நிரல் முறைமையின் பெயரைக் கேட்டது. இப்போது முறைமை பொறியின் பெயரைக் கேட்கின்றது. தமிழைக் காட்டவும் சேமிக்கவும் முற்றாக வல்ல பொறிகள் இவ்வினாவினால் பாடசாலைகளிலிருந்து ஒதுக்கப்படக்கூடும். லினக்ஸ் போன்ற கட்டற்ற முறைமைகள் அப்பொறிகளில் இன்னும் பல்லாண்டு இயங்கும் என்பது உண்மையே. ஆனால் காரியாலயத்தின் கணக்குச் செய்நிரல் விண்டோஸின் துவிதக் கோப்பாக மட்டுமே கிடைக்குமாயின் அவ்வழியும் பாதியில் நின்றுவிடும்.

பழைய பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. அவற்றை ஓட்டுவது கடினமான பணியன்று. கடினமானது, ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதைத் துணிவது. கோப்பின் பெயரையோ அது உருவான பொறியின் பதிப்பெண்ணையோ நம்பிப் பயனில்லை. உள்ளே திறந்து, எந்த ஆங்கில எழுத்து எத்தனை தடவை வருகின்றது எனக் கணக்கிட்டே அதனை அறியலாம். புள்ளி மிகுதியாக வரும் தமிழில் பாமினியின் அரைப்புள்ளி வரிக்கு வரி தலைகாட்டும். வவுனியாவிலும் அறிவியல்நகரிலும் கணினி பயிலும் மாணவர்க்கு இது ஒரு பருவத்து ஆய்வுக்குரிய பணி. மாவட்டச் செயலகங்களின் பழைய வட்டுகள் வாசிக்கத்தக்க நிலையில் இருக்கும்போதே அது தொடங்கப்படல் வேண்டும்.